ஓர் ஆறு, இரண்டு பெயர்கள்: செனகா மக்களின் பழைய வரைபடங்களையும் கடிதங்களையும் வாசிக்க ஓர் அறிமுகம்

அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றை இன்றைய வரைபடத்தில் தேடினால், அது பிட்ஸ்பர்க் நகரில், அலெகெனி, மொனொங்ககேலா என்னும் இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் தொடங்குவதாகக் காட்டப்பட்டிருக்கும். செனகா மக்களின் கணக்கு வேறு. நாம் அலெகெனி என்று படிக்கும் ஆறும் அவர்களுக்கு 'ஒஹீயோ'தான். நல்ல ஆறு, அழகிய ஆறு என்று அதற்குப் பொருள். பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பொருளைத் தங்கள் மொழியில் பெயர்த்து, ஆறு முழுவதையும் 'அழகிய ஆறு' என்றே வரைபடங்களில் எழுதினார்கள். பின்னர் வந்த ஆங்கில வரைபடங்கள் மேல்பகுதிக்கு ஒரு பெயரும் கீழ்ப்பகுதிக்கு ஒரு பெயருமாகப் பிரித்தன. தண்ணீரில் எந்த மாற்றமும் இல்லை. எழுதியவரின் கை மட்டும் மாறியிருக்கிறது. ஒரு பழைய வரைபடத்தை எடுத்தவுடன் யார் வரைந்தார், யாருக்காக வரைந்தார் என்று கேட்க வேண்டியதன் காரணம் இந்த ஆற்றின் பெயரிலேயே கிடைத்துவிடுகிறது.

செனகா என்ற பெயருக்கும் ரோமாபுரித் தத்துவஞானி செனகாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டச்சுக்காரர்கள் தாங்கள் கேட்ட ஒரு பெயரைத் தங்கள் போக்கில் 'சின்னெகென்ஸ்' என்று எழுதினார்கள். அது ஆங்கிலேயர் கையில் செனகா என்று திரிந்து நிலைத்தது. அந்த மக்கள் தங்களைப் பெருங்குன்றின் மக்கள் என்று பொருள்படும் பெயரால் அழைத்துக்கொள்கிறார்கள். மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனகா ஆகிய ஐந்து இனத்தாரும் சேர்ந்து அமைத்த கூட்டமைப்புக்கு ஹோடினோஷோனி, அதாவது நீள்வீட்டு மக்கள், என்று பெயர். ஐரோப்பியர் இதை இரோக்வாய் என்றனர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டஸ்கரோரா மக்களும் சேர்ந்தபின் இது ஆறு இனங்களின் கூட்டமைப்பு ஆயிற்று. இன்றைய நியூயார்க் மாநிலத்தின் குறுக்கே கிழக்கு மேற்காக நீண்டு கிடந்த அந்த நாட்டை அவர்கள் ஒரே கூரையின்கீழ் உள்ள ஒரு வீடாகவே எண்ணினார்கள். அந்த வீட்டின் மேற்கு வாசலைக் காப்பவர்கள் செனகா மக்கள். இந்த உருவகமும் ஒரு வரைபடம்தான் என்பது என் கருத்து. எந்தத் திசையில் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன பொறுப்பு என்பதைத் தாளும் மையும் இல்லாமலே அது சொல்லிவிடுகிறது.

ஒரு நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே, அதில் பங்குகொண்டவர்களோ அதை நேரில் கண்டவர்களோ உருவாக்கிய சான்றை வரலாற்றாசிரியர்கள் முதன்மைச் சான்று என்கிறார்கள். வரைபடங்களும் கடிதங்களும் அந்த வகையைச் சேர்ந்தவை. முதன்மையானது என்பதற்கு முழு உண்மை என்று பொருளில்லை. நிகழ்ச்சிக்கு அருகில் இருந்தது என்பது மட்டுமே பொருள். அருகில் இருந்தவருக்கும் ஒரு நோக்கம் இருந்திருக்கும். செனகா மக்களைப் பற்றி 17, 18ஆம் நூற்றாண்டுகளிலிருந்து கிடைக்கும் காகிதங்களில் பெரும்பகுதி, அவர்களை மதம் மாற்ற வந்தவர்களும், அவர்களோடு வணிகம் செய்ய வந்தவர்களும், அவர்கள்மேல் படையெடுத்தவர்களும், அவர்களது நிலத்தை வாங்க வந்தவர்களும் எழுதியவை. ஆகவே அவற்றை வாசிப்பது, எதிர்த்தரப்பின் கணக்குப் புத்தகத்தைக் கொண்டு ஒரு வீட்டின் கதையை அறிய முயல்வதைப் போன்றது. கடினமான வேலைதான்; ஆனால் பொறுமையோடு செய்தால் வியக்கத்தக்க அளவு விவரம் கிடைக்கிறது.

1677ஆம் ஆண்டு வென்ட்வர்த் கிரீன்ஹால் என்ற ஆங்கிலேயர் செனகா நாட்டுக்குச் சென்று ஒரு குறிப்பு எழுதினார். நான்கு ஊர்களை அவர் பதிவு செய்திருக்கிறார்: கனகோராவில் 150 வீடுகள், டியொட்டொஹாட்டனில் 120, கனோயெனாடாவில் 30, கெய்ன்ட்ஹேயில் 24. நான்கும் சேர்ந்து ஏறக்குறைய ஆயிரம் போர்வீரர்கள் என்றும் மதிப்பிட்டார். அவர் எண்ணியவை ஒவ்வொன்றிலும் பல குடும்பங்கள் வாழ்ந்த நீள்வீடுகள் என்பதை மனத்தில் கொண்டால்தான் அந்த எண்களின் பொருள் விளங்கும். பத்து ஆண்டுகள் கழித்து, 1687 ஜூலையில், வட அமெரிக்காவில் பிரெஞ்சுக்காரர்களின் குடியேற்ற நாடாக இருந்த புதிய பிரான்சின் ஆளுநர் தெனொன்வில் பெரும் படையோடு இதே ஊர்களுக்கு வந்து பயிர்களையும் களஞ்சியங்களையும் அழித்தார். அழித்த மக்காச்சோளத்துக்கு அவர் தரப்பு கொடுத்த கணக்கு 12 லட்சம் புஷல் (தானியம் அளக்கும் ஓர் ஆங்கில அளவு) அளவுக்கு வருகிறது. வெற்றியை மேலிடத்துக்குத் தெரிவிக்கும் தளபதி எண்ணைக் குறைத்துச் சொல்லமாட்டார் என்பதால் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கிரீன்ஹால் எண்ணிய வீடுகளோடு சேர்த்துப் பார்க்கும்போது, இது நாடோடிகளின் நாடன்று, ஆழ வேரூன்றிய வேளாண் நாடு என்பது ஐயத்துக்கிடமின்றித் தெளிவாகிறது. இரண்டு சான்றுகளும் ஒருவரையொருவர் அறியாதவர்கள் எழுதியவை என்பதே அவற்றின் வலிமை.

தொடக்க வாசகரைக் குழப்பும் ஒரு செய்தி இங்கே உண்டு. கிரீன்ஹால் கனகோரா என்று எழுதிய ஊரைப் பிரெஞ்சுக்காரர்கள் கண்டகாரோ, கனகாரோ என்று வெவ்வேறாக எழுதினார்கள். இன்று அந்த இடம் கனொண்டாகன் என்ற பெயரில் நியூயார்க் மாநிலத்தின் வரலாற்றுத் தலமாக, விக்டர் என்ற ஊரில் பாதுகாக்கப்படுகிறது. படையெடுப்பு நடந்து சரியாக 300 ஆண்டுகள் கழித்து, 1987இல், அது மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. ஒரே ஊருக்கு நான்கைந்து எழுத்துக்கூட்டல்கள் இருப்பது போலவே, ஒரே பெயர் வெவ்வேறு இடங்களில் இருப்பதும் உண்டு. மண்ணின் வளமும் அருகில் கிடைக்கும் விறகும் குறையும்போது, பத்து இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊரையே சில மைல் தள்ளி அமைப்பது அவர்கள் வழக்கம். ஊரோடு பெயரும் நகர்ந்தது. எனவே இரண்டு வரைபடங்களில் ஓர் ஊர் வெவ்வேறு இடங்களில் இருந்தால், வரைந்தவர் தவறிவிட்டார் என்று உடனே முடிவு கட்டக் கூடாது. ஊர் இடம் மாறியிருக்கலாம்.

அடுத்து, போருக்காக வரையப்பட்ட படங்கள். 1779இல், அமெரிக்க விடுதலைப் போரின் நடுவே, பிரிட்டிஷார் பக்கம் நின்ற செனகா முதலிய இனங்களின் நாட்டுக்குள் தளபதி சல்லிவனின் படையை ஜார்ஜ் வாஷிங்டன் அனுப்பினார். அந்த ஆண்டு மே 31 அன்று அவர் சல்லிவனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. குடியிருப்புகளை முற்றாக அழிப்பதும், எந்த வயதினரானாலும் ஆண் பெண் வேறுபாடின்றி இயன்ற அளவு மக்களைச் சிறைப்பிடிப்பதும் உடனடி நோக்கங்கள் என்று அதில் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருக்கிறது. படையோடு பெஞ்சமின் லாட்ஜ் என்ற நில அளவையாளரும் சென்றார். அவரது குழுவினர் சங்கிலி பிடித்து வழியை அளந்துகொண்டே போனார்கள். அந்த அளவைப் படங்கள் நியூயார்க் நகர வரலாற்றுச் சங்கத்தின் தொகுப்பில் இருக்கின்றன. ஓடைகள், மேடுகள், ஊர்கள் என்று துல்லியமாகக் குறிக்கப்பட்ட அந்தப் படங்களைப் பார்க்கையில் எனக்கு எப்போதும் ஒரு நெருடல் உண்டாகிறது. செனகா ஊர்கள் எங்கெங்கே இருந்தன என்பதற்கு இவ்வளவு நல்ல சான்று கிடைத்திருப்பது, அவற்றைக் கொளுத்தப் போனவர்கள் அளந்துகொண்டே போனதால்தான்.

சல்லிவன் அனுப்பிய அறிக்கையின்படி 40 ஊர்களும் 1,60,000 புஷல் மக்காச்சோளமும் அழிக்கப்பட்டன. ஜெனசீ ஆற்றங்கரையில் இருந்த பேரூரில் 128 வீடுகள் இருந்தன என்றும், அவற்றில் பெரும்பாலானவை பெரியவை, நேர்த்தியானவை என்றும் அவரே எழுதினார். அந்த வீடுகளைக் கொளுத்தியவரின் வாயிலிருந்து வரும் பாராட்டு என்பதால் இதை நம்பலாம். தன் நோக்கத்துக்கு உதவாத ஒன்றை ஓர் ஆவணம் ஒப்புக்கொள்ளும் இடம் எப்போதும் மதிப்பு மிக்கது. கடிதங்களை வாசிக்கும்போது அத்தகைய வரிகளைத் தனியே குறித்துக்கொள்வது நல்ல பழக்கம். பழத்தோட்டங்களையும் கருத்த மண்ணையும் பற்றிப் படைவீரர்கள் நாட்குறிப்புகளில் வியந்து எழுதினார்கள். போர் முடிந்ததும் அவர்களில் சிலர் அதே மண்ணுக்குக் குடியேறிகளாகத் திரும்பி வந்தார்கள்.

செனகா தலைவர்களின் குரல் காகிதத்தில் மிகத் தெளிவாகக் கேட்கும் இடம் 1790 டிசம்பர் 1ஆம் நாளிட்ட கடிதம். கார்ன்பிளாண்டர், ஹாஃப் டவுன், கிரேட் ட்ரீ என்று ஆங்கிலத்தில் அறியப்பட்ட மூன்று தலைவர்கள், அப்போது தலைநகராக இருந்த பிலடெல்பியாவுக்கு வந்து குடியரசுத் தலைவர் வாஷிங்டனிடம் அதை அளித்தார்கள். உம்முடைய படை எங்கள் நாட்டுக்குள் நுழைந்தபோது உம்மை ஊரழிப்பவர் என்று அழைத்தோம். இன்றும் அந்தப் பெயரைக் கேட்டால் எங்கள் பெண்கள் திரும்பிப் பார்த்து முகம் வெளிறுகிறார்கள், குழந்தைகள் தாயின் கழுத்தை இறுகக் கட்டிக்கொள்கிறார்கள் என்று அக்கடிதம் தொடங்குகிறது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் தங்கள் ஊர்களை எரிக்க ஆணையிட்டவரின் முகத்துக்கு நேரே சொல்லப்பட்ட சொற்கள் அவை. 1779 மே மாதக் கடிதத்தையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். தனியே படித்தால் இரண்டுமே பாதிதான்.

இந்தக் கடிதத்தை அவர்கள் தங்கள் கையால் எழுதவில்லை. செனகா மொழியில் பேசினார்கள், மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார், எழுத்தர் எழுதினார், தலைவர்கள் தங்கள் குறியை இட்டார்கள். இடையில் இரண்டு கைகள் இருக்கின்றன. ஆகவே ஒரு குறிப்பிட்ட ஆங்கிலச் சொல்லின் நுட்பத்தை வைத்துக்கொண்டு, செனகா மக்கள் இப்படித்தான் சிந்தித்தார்கள் என்று வாதிடுவது ஆபத்தானது. ஆனால் வாதத்தின் அடுக்கும், குற்றச்சாட்டுகளின் விவரமும், எண்களும் மொழிபெயர்ப்பில் எளிதில் கரைந்துவிடுவதில்லை. எடுத்துக்காட்டாக, 1788இல் ஆலிவர் ஃபெல்ப்ஸ் என்ற நிலவணிகருக்கு விற்ற நிலத்தைப் பற்றி அவர்கள் கூறுவதைக் கவனிக்கலாம். பத்தாயிரம் டாலரும் ஆண்டுதோறும் ஆயிரம் டாலரும் தருவதாகப் பேச்சு. முன்பணமாக 2,500 டாலர் கொடுத்தார். மீதியைப் பெறச் சென்றபோது ஆண்டுக்கு 500 டாலர்தான் பேசியதாகச் சாதித்தார் என்பது அவர்கள் முறையீடு. விற்பனைப் பத்திரத்தை மட்டும் படித்தவருக்கு இப்படி ஒரு தகராறு இருந்ததே தெரிந்திருக்காது.

கடிதமும் பத்திரமும் அவர்களுக்கு வெளியிலிருந்து வந்தவை. அவர்களுடைய சொந்த முறை வாம்பம்: கடற்சிப்பியிலிருந்து செய்த வெள்ளை, ஊதா மணிகளைக் கோத்த சரங்களும் பட்டைகளும். அவையில் ஒரு கருத்தைச் சொல்லி முடித்ததும் அதற்கு உறுதியாக ஒரு சரத்தையோ பட்டையையோ கொடுப்பார்கள். அது கைமாறாத சொல்லுக்கு எடையில்லை. பிரிட்டிஷ் எழுத்தர்கள் எழுதிய அவைக்குறிப்புகளில் ஆங்காங்கே பட்டை கொடுத்தார் என்று ஓரிரு சொற்களில் ஒரு குறிப்பு வரும். அவசரமாகப் படிப்பவர் அதைச் சடங்கு என்று தாண்டிப் போய்விடுவார். உண்மையில் பேச்சின் எந்தப் பகுதி அவர்களுக்கு முக்கியம் என்பதை அந்தக் குறிப்புதான் காட்டுகிறது.

நிலம் கைமாறிய காலத்து வரைபடங்களுக்கு வருவோம். 1786இல் நியூயார்க், மாசசூசெட்ஸ் என்னும் இரு மாநிலங்களும் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்து, செனகா நாட்டின் வழியே வடக்குத் தெற்காக ஒரு கோடு கிழித்தன. கோட்டுக்கு மேற்கே உள்ள நிலத்தைச் செனகா மக்களிடமிருந்து முதலில் வாங்கும் உரிமை மாசசூசெட்ஸுக்கு என்பது ஏற்பாடு. நிலத்துக்கு உரியவர்கள் விற்கச் சம்மதிப்பதற்கு முன்பே, யார் வாங்குவது என்பது கோடாகிவிட்டது. மேலும் அந்தக் கோட்டை முதலில் அளந்தபோது அது மேற்கே சாய்ந்துவிட்டது. 1792இல் மறுபடி அளந்தபோது இரண்டு கோடுகளுக்கும் இடையே ஆப்பு வடிவில் ஒரு பெரும் நிலப்பகுதி சிக்கிக் கிடந்தது தெரிந்தது. பழைய வரைபடங்களில் இரண்டு கோடுகளும் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

1788ஆம் ஆண்டு விற்பனையில் இன்னொரு கூறும் உண்டு. ஜெனசீ ஆற்றுக்கு மேற்கே நிலம் கொடுக்கச் செனகா தலைவர்கள் மறுத்தபோது, மாவரைக்கும் ஆலை ஒன்று அமைக்க மட்டும் இடம் கேட்டார் ஃபெல்ப்ஸ். அதற்காக அளந்து எடுத்துக்கொண்ட நிலம் 12 மைல் அகலமும் 24 மைல் நீளமும் கொண்டது. இன்றைய ராச்செஸ்டர் நகரம் அந்த ஆலை நிலத்தில்தான் வளர்ந்தது. வரைபடத்தில் அது ஆற்றோரம் ஒரு நேர்த்தியான கட்டம். கட்டத்தின் பக்கத்தில் எழுதப்பட்ட அளவைக் கொண்டு பரப்பைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் அங்கே நடந்தது புரியும்.

1794 நவம்பர் 11 அன்று கையெழுத்தான கனன்டேய்குவா உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு, ஏரி, ஓடை, நிலமூலை என்று ஒவ்வொன்றாகச் சுட்டிச் செனகா நாட்டின் எல்லையைச் சொற்களாலேயே வரைகிறது. அந்த எல்லைக்குள் இருப்பது செனகா மக்களின் உடைமை என்றும், அதை அமெரிக்க அரசு ஒருபோதும் கோராது என்றும் அது ஒப்புக்கொள்கிறது. உடன்படிக்கையில் சொன்னபடி ஆண்டுதோறும் வழங்க வேண்டிய துணி இன்றுவரை வழங்கப்பட்டு வருகிறது; சட்டப்படி உயிரோடு இருக்கும் ஓர் ஆவணம் இது. காகிதம் பறித்துக்கொண்டே போன காலத்தில், பிடித்து நிற்க ஒரு காகிதமும் அவர்களுக்குக் கிடைத்தது.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1797இல், பிக் ட்ரீ என்ற இடத்தில் நடந்த உடன்படிக்கையில் ஏறத்தாழ 35 லட்சம் ஏக்கர் ஒரு லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. ஆங்காங்கே சில பகுதிகளை மட்டும் செனகா மக்கள் விற்காமல் வைத்துக்கொண்டார்கள். அவற்றைக் குறிக்கும் 'ரிசர்வேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் ஒதுக்கு நிலம் என்று எழுதுகிறோம். அரசு பார்த்து ஒதுக்கிக் கொடுத்தது போன்ற தோற்றத்தை அது தருகிறது; நடந்தது நேர்மாறானது. தங்களுக்குச் சொந்தமான நாட்டிலிருந்து விற்காமல் தாங்களே நிறுத்திவைத்துக்கொண்ட பகுதி அது. விற்கப்பட்ட பெருநிலத்தை, டச்சு முதலீட்டாளர்களின் நிறுவனமான ஹாலந்து லேண்ட் கம்பெனிக்காக ஜோசப் எலிகாட் அளந்து வரைபடமாக்கினார். அந்தக் கம்பெனியின் காகிதங்கள் ஆம்ஸ்டர்டாம் நகர ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன என்பதால், செனகா நிலத்தின் வரலாற்றை எழுதுபவர் அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் தேட வேண்டியிருக்கிறது.

எலிகாட்டின் வரைபடம் ஒன்று பின்னாளில் அதை வரையச் செய்தவர்கள் எதிர்பாராத ஒரு வேலையைச் செய்தது. இன்றைய கியூபா என்ற சிற்றூருக்கு அருகே, பாறையெண்ணெய் கசியும் ஓர் ஊற்று இருக்கிறது. மருந்தாகப் பயன்பட்டதால் அதைச் சுற்றிய ஒரு சதுர மைலைச் செனகா மக்கள் விற்காமல் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் 1797 உடன்படிக்கையின் எழுத்து வடிவில் அந்த இடத்தின் பெயர் விடுபட்டுப்போயிற்று. பிறர் அதைக் கைப்பற்றியபோது 1850களில் வழக்கு நடந்தது. பிக் ட்ரீ அவையில் நேரில் இருந்த முதிய தலைவர் கவர்னர் பிளாக்ஸ்னேக் சாட்சி சொன்னார். எலிகாட் வரைந்த வரைபடத்தின் படியையும் காட்டினார். எண்ணெய் ஊற்று அதில் செனகா நிலமாகக் குறிக்கப்பட்டிருந்தது. வழக்கு செனகா மக்கள் பக்கம் தீர்ந்தது. உடன்படிக்கை மறந்ததை ஒரு முதியவரின் நினைவும், நிலம் வாங்கியவர்களின் சொந்த வரைபடமும் சேர்ந்து மீட்டன. இந்தத் துறைக்குப் புதியவர் ஒருவர் ஒரே ஒரு நிகழ்ச்சியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமானால், நான் இதைத்தான் சொல்வேன்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செனகா மக்கள் தங்கள் கடிதங்களைத் தாங்களே எழுதத் தொடங்கினார்கள். 1838ஆம் ஆண்டின் பஃபலோ கிரீக் உடன்படிக்கை, கையூட்டும் அச்சுறுத்தலும் கலந்து பெற்ற கையொப்பங்களைக் கொண்டு எஞ்சிய நிலங்களையும் பறிக்க முயன்றது. 1842இல் ஏற்பட்ட சமரசத்தில் அலெகெனி, கட்டராகஸ் நிலங்கள் மட்டும் திரும்பக் கிடைத்தன. தாங்கள் கையெழுத்திடவே இல்லை என்று, டோனவாண்டா என்ற மற்றோர் ஒதுக்கு நிலத்தின் செனகா தலைவர்கள் விடாமல் போராடினார்கள். அவர்களுக்காக அதிகாரிகளுக்குக் கடிதங்களும் மனுக்களும் எழுதியவர் ஈலி பார்க்கர் என்ற செனகா இளைஞர். 1857இல் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியை அவர்கள் விலை கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். இதே பார்க்கர்தான் 1865இல் அப்பொமாட்டக்ஸ் என்ற ஊரில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் சரணடைவு விதிகளைத் தன் கைப்பட எழுதியவர். அவருடைய துணையோடு மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1851இல் வெளியிட்ட நூலில், ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் ஊர்களுக்கும் அந்த மக்களின் பெயர்களையே இட்ட ஒரு வரைபடம் இருக்கிறது.

இவ்வளவும் எஞ்சியது தற்செயலின் துணையால் என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் அரசின் சார்பில் இந்த மக்களோடு உறவுகளைக் கவனித்த சர் வில்லியம் ஜான்சனின் கடிதத் தொகுதி ஆல்பனியில் உள்ள மாநில நூலகத்தில் இருந்தது. 1911 மார்ச் 29 அன்று நேர்ந்த தீயில் அதில் ஒரு பகுதி எரிந்துபோயிற்று. மீந்தவற்றைப் பிற இடங்களில் கிடைத்த படிகளோடு சேர்த்து, 1921 முதல் 1965 வரை 14 தொகுதிகளாக வெளியிட்டார்கள்.

அலெகெனி ஒதுக்கு நிலத்தின் வடிவத்தைப் பழைய வரைபடத்தில் பார்த்தால், அது ஆற்றின் இரு கரையிலும் ஒட்டிக்கொண்டு ஏறக்குறைய 40 மைல் நீளும் ஒல்லியான ஒரு பட்டை. ஆறு வளையும் இடத்தில் அதுவும் வளைகிறது. ஒஹீயோவை விட்டு விலக மனமில்லாதவர்கள் 1797இல் வைத்துக்கொண்ட நிலம் அது. 1960களில் பென்சில்வேனியாவில் அந்த ஆற்றின் குறுக்கே கின்சுவா அணையை அமெரிக்க அரசு கட்ட முனைந்தபோது, செனகா மக்களின் ஆட்சியமைப்பான செனகா நேஷன் 1794ஆம் ஆண்டு உடன்படிக்கையைச் சுட்டி முறையிட்டது. 1961 ஆகஸ்ட் 9 அன்று குடியரசுத் தலைவர் கென்னடி செனகா நேஷனின் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், அணை வேலையை நிறுத்த இயலாது என்று தெரிவித்தார். ஆற்றை ஒட்டியே நீண்ட நிலம் என்பதால், நீர் ஏறியபோது சுமார் 30,000 ஏக்கரில் ஏறத்தாழ 10,000 ஏக்கர் நீருக்குள் போயிற்று. நூற்றுக்கணக்கான மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1790ஆம் ஆண்டின் கடிதத்தில் குறியிட்ட கார்ன்பிளாண்டரின் கல்லறையும் 1964இல் தோண்டி மேட்டுக்கு மாற்றப்பட்டது. இன்றைய வரைபடத்தில் அந்த இடத்தில் அலெகெனி நீர்த்தேக்கம் என்று எழுதியிருக்கிறது.